கணையப் புற்றுநோய் ஆய்வுக்கு நிதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணையப் புற்றுநோய் ஆய்வுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, யாருக்குக் கிடைக்கும் என்று என்னிடம் கேட்பவர்கள் இரண்டு வகை. ஒன்று, பிஎச்டி முடித்துவிட்டுச் சொந்தமாக லேப் தொடங்கப் பார்க்கும் இளைஞர்கள். இன்னொன்று, வீட்டில் யாரையாவது இந்த நோய்க்குப் பறிகொடுத்தவர்கள். ஆய்வு விண்ணப்பங்களைப் படித்துத் திருத்திக் கொடுப்பது என் வேலை என்பதால் இரு தரப்புக்கும் பதில் சொல்லிப் பழகிவிட்டது. அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். தொகைகளும் கடைசித் தேதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். விண்ணப்பிக்கும் முன் அந்தந்த அமைப்பின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

புற்றுநோய் ஆய்வுக்குத்தான் ஏற்கெனவே நிறையப் பணம் போகிறதே, கணையத்துக்கு மட்டும் தனியாக எதற்கு?

போகிறது. ஆனால் கணையத்தின் பங்கு அதற்கு நெடுங்காலம் வந்து சேரவில்லை. 2022-ல் உலகம் முழுக்கச் சுமார் 5.1 லட்சம் பேருக்கு இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அதே ஆண்டில் இதனால் இறந்தவர்கள் சுமார் 4.67 லட்சம் பேர். இரண்டு எண்களும் எவ்வளவு பக்கத்தில் நிற்கின்றன என்று பாருங்கள். அமெரிக்காவில் 1970-களின் நடுவில் நோய் தெரிந்து ஐந்து ஆண்டு தாண்டியவர்கள் நூற்றுக்கு 3 பேர். 2024-ல் வெளிவந்த கணக்கில் 13 பேர். மார்பகப் புற்றுநோயில் இந்த எண் 90-ஐத் தாண்டிவிட்டது.

நிதியோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு கொடுமையும் இதில் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்கு ஆய்வு நிதி பெருகியதில், நோயிலிருந்து மீண்டு வந்து போராடிய பெண்களின் குரலுக்குப் பெரிய பங்கு. கணையத்தில் மீண்டு வந்து பேச ஆளே குறைவு. கார்னெகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராண்டி பாஷ் 2008 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் வந்து இந்த நோய்க்கு நிதி கேட்டார். ஜூலையில் இறந்துவிட்டார்.

2012-ல் அந்த நாட்டு நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. ஐந்தாண்டு பிழைப்பு 20 சதவீதத்துக்குக் கீழே இருந்து, ஆண்டுக்கு 30,000 பேருக்கு மேல் சாகும் புற்றுநோய்களுக்குத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் தனி ஆய்வுத் திட்டம் வகுக்க வேண்டும் என்றது. திட்டம் வகுக்கத்தான் சொன்னது. இத்தனை டாலர் ஒதுக்கு என்று சொல்லவில்லை. இருந்தாலும் 'கணையம்' என்ற சொல் அரசாங்கக் காகிதத்தில் ஏறியதே ஒரு முன்னேற்றம்தான்.

'புதுமையான ஆய்வு' என்று விளம்பரங்களில் போடுகிறார்களே, அதற்கு என்ன அர்த்தம்?

பெரிய நிதி அமைப்புகள் விண்ணப்பத்தில் முதலில் தேடுவது முன்தரவு. அதாவது, நீங்கள் செய்யப் போவது பலிக்கும் என்பதற்கு ஏற்கெனவே கையில் இருக்கும் சான்று. சோதனை செய்யாமல் சான்று வராது. பணமில்லாமல் சோதனை நடக்காது. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை. புதுமைக்கான நிதி என்பது இந்த முடிச்சை அவிழ்க்கத் தரப்படும் சிறு தொகை. "சான்று இன்னும் இல்லை, யோசனை நன்றாக இருக்கிறது, ஓராண்டு ஈராண்டு முயன்று பார்" என்று சொல்லிக் கொடுப்பது.

யாரும் இதுவரை தொடாத பொருளை எடுத்தால்தான் புதுமை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மூச்சுக்காற்றில் கலந்திருக்கும் வேதிப்பொருட்களை அளக்கும் நுட்பம் பழையது. அதைக் கணையத்துக்குக் கொண்டுவந்தது புதிது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஜார்ஜ் ஹன்னாவின் குழு அதைத்தான் செய்கிறது.

யார் யார் கொடுக்கிறார்கள்?

அமெரிக்காவில் இருவர் முக்கியம். லஸ்ட்கார்டன் அறக்கட்டளை 1998-ல் தொடங்கியது. கேபிள்விஷன் நிறுவனத்தின் துணைத் தலைவர் மார்க் லஸ்ட்கார்டனுக்கு நோய் வந்தபோது அந்த நிறுவனத்தார் தொடங்கியது. அவர் 1999-ல் காலமானார். நிர்வாகச் செலவுக்கு வேறு வழியில் ஏற்பாடு செய்துவிட்டு, பொதுமக்கள் தரும் நன்கொடை முழுவதையும் ஆய்வுக்கே அனுப்புவது இதன் வழக்கம். இன்னொன்று 1999-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய 'பான்கேன்' என்ற கணையப் புற்றுநோய் அமைப்பு. 2003 முதல் ஆய்வு நல்கைகள் தருகிறது. இளம் ஆய்வாளர்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு 2 லட்சம் டாலர் என்பது அவர்களின் பழகிய அளவு.

அரசுத் தரப்பில் தேசிய நலவாழ்வு நிறுவனம், அதாவது என்ஐஹெச். அதன் 'ஆர்21' வகை நல்கை இரண்டு ஆண்டுக்கு மொத்தம் 2,75,000 டாலர் வரை. முன்தரவு கட்டாயம் இல்லை. அப்புறம் பலர் எதிர்பார்க்காத இடம்: அமெரிக்க ராணுவத் துறை. அதன் மருத்துவ ஆய்வுத் திட்டத்தில் 2020 நிதியாண்டில் கணையப் புற்றுநோய்க்கென 60 லட்சம் டாலரோடு ஒரு பிரிவு தொடங்கி, அடுத்தடுத்த ஆண்டுகளில் 1.5 கோடியாக உயர்ந்தது. 2025-ல் அந்த ஒதுக்கீடு அப்படியே நின்றுபோனது. அரசியல்வாதிகள் பட்ஜெட்டில் ஒரு வரியை அடித்தால் எலிக்கூண்டு வரை அது வந்து சேரும்.

பிரிட்டனில் 'பான்க்ரியாட்டிக் கேன்சர் யூகே' 2013 முதல் புதுமை ஆய்வு நிதி என்றே பெயரிட்டுத் தருகிறது. ஆரம்பத்தில் ஒரு திட்டத்துக்கு 75,000 பவுண்டு வரை. அந்த அமைப்பேதான் இப்போது ஹன்னாவின் மூச்சுச் சோதனையைப் பல மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கானோரிடம் சோதித்துப் பார்க்க 11 லட்சம் பவுண்டு கொடுத்திருக்கிறது. 'கேன்சர் ரிசர்ச் யூகே' 2017-ல் கிளாஸ்கோவை மையமாக வைத்து, ஒவ்வொரு நோயாளியின் கட்டிக்கும் ஏற்ற மருந்தைத் தேடும் 'பிரிசிஷன்-பாங்க்' திட்டத்துக்கு ஒரு கோடி பவுண்டு தந்தது.

இந்தச் சின்னத் தொகையில் என்ன செய்துவிட முடியும்?

ஒரு போஸ்ட்டாக்கின் (பிஎச்டி முடித்து லேபில் வேலை பார்ப்பவரின்) சம்பளம், கொஞ்சம் ரசாயனம், எலிகளுக்கான செலவு, மரபணு வரிசையைப் படித்துத் தருபவர்களுக்குக் கொடுக்க வேண்டியது. அவ்வளவுதான். பணத்தை விதைநெல் மாதிரி பார்க்க வேண்டும். அது சமைத்துச் சாப்பிட இல்லை. ஓராண்டு முடிவில் பெரிய விண்ணப்பத்தில் ஒட்டுவதற்கு இரண்டு நல்ல வரைபடங்கள் கையில் இருந்தால் அந்தப் பணம் தன் வேலையைச் செய்துவிட்டது.

இப்படிக் கொடுத்த பணத்தால் உருப்படியாக ஏதாவது வந்திருக்கிறதா?

வந்திருக்கிறது. எனக்குப் பிடித்த உதாரணம் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் வினோத் பாலச்சந்திரன் குழு செய்தது. எல்லோரும் இந்த நோயில் ஏன் சாகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, அறுவைக்குப் பின் பல ஆண்டு தாண்டியும் உயிரோடு இருக்கும் ஒரு சிலர் எப்படிப் பிழைத்தார்கள் என்று இவர்கள் கேட்டார்கள். கணையப் புற்று நோயெதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் படாத கட்டி என்பதுதான் அப்போது பொது நம்பிக்கை. 2017-ல் வந்த விடை அதற்கு நேர் எதிர்: பிழைத்தவர்களின் உடலில் டி-செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் கட்டியின் மாறிய புரதங்களை அடையாளம் கண்டு தாக்கியிருந்தன.

அதிலிருந்து அடுத்த படி. ஒவ்வொரு நோயாளியின் கட்டியிலும் உள்ள மரபணு வரிசையைப் படித்து, அவருக்கென்றே ஒரு எம்ஆர்என்ஏ தடுப்பூசியை ஜெர்மனியின் பயோஎன்டெக் செய்து தந்தது. 16 பேருக்குப் போட்டார்கள். 8 பேரிடம் எதிர்ப்பு எழுந்தது. 2025-ல் வெளியான மூன்று ஆண்டுக் கணக்கில் அந்த 8 பேரில் இருவருக்கு மட்டுமே நோய் திரும்பியிருந்தது. எதிர்ப்பு எழாத 8 பேரில் 7 பேருக்குத் திரும்பியிருந்தது. 16 பேர் என்பது மிகச் சின்ன எண். அதனால்தான் சுமார் 260 பேரோடு அடுத்த கட்டம் நடக்கிறது. இந்த வரிசை ஆய்வுகளுக்குப் பணம் தந்தவர்களில் லஸ்ட்கார்டனும் 'ஸ்டாண்ட் அப் டு கேன்சர்' அமைப்பும் உண்டு.

இன்னொன்று, நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்த செல்களைத் தட்டில் முப்பரிமாணமாக வளர்க்கும் 'ஆர்கனாய்டு'. கணையக் கட்டிக்கு அதை 2015-ல் செய்து காட்டியவர்கள் அமெரிக்காவின் டேவிட் டுவீசனும் நெதர்லாந்தின் ஹான்ஸ் கிளெவர்ஸும். இன்று அது பல லேப்களில் அன்றாடப் பொருள்.

தோற்றுப்போன ஆய்வுகளைப் பற்றி யாரும் பேசுவதில்லையே?

பேச வேண்டும். கணையக் கட்டியில் பெரும்பகுதி புற்றுச் செல் இல்லை. அதைச் சுற்றிக் கெட்டியாக வளர்ந்த நார்த்திசு. மருந்து உள்ளே போகாமல் அதுதான் மறிக்கிறது, அதைக் கரைத்தால் மருந்து போகும் என்பது கேட்டதும் மனசுக்குப் பிடிக்கும் யோசனை. 2009-ல் எலிகளில் பலித்தது. மருந்து கம்பெனி நோயாளிகளிடம் சோதித்தது. 2012-ல் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று, ஏனென்றால் புது மருந்து வாங்கியவர்கள் நிலைமை மற்றவர்களைவிட மோசமாக இருந்தது. 2014-ல் எலிகளில் செய்த இரண்டு ஆய்வுகள் காரணம் சொல்லின: அந்த நார்த்திசு மருந்துக்கு மட்டும் வேலி இல்லை, கட்டிக்கும் ஓரளவு கடிவாளம். அதை எடுத்தால் கட்டி இன்னும் வெறியாக வளர்கிறது. இதே திசுவின் இன்னொரு பொருளைக் கரைக்கும் வேறொரு மருந்தும் மூன்றாம் கட்டம் வரை போய் 2019-ல் தோற்றது.

வீண் செலவா? அப்படிச் சொல்ல மாட்டேன். நார்த்திசுவை அழிப்பதை விட்டுவிட்டு அதன் குணத்தை மாற்றலாமா என்று இன்று லேப்கள் கேட்பது இந்தத் தோல்விகளால்தான். ஆனால் அந்தச் சோதனைகளில் சேர்ந்தவர்கள் மனிதர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

சர்க்கரை நோய்க்கும் இந்த ஆய்வுக்கும் ஏன் முடிச்சுப் போடுகிறார்கள்?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கதையின் ஒரு நுனி சென்னையில் இருக்கிறது.

தென்னிந்தியாவில் கணையத்தில் கல் விழும் ஒரு நாள்பட்ட அழற்சி உண்டு. சின்ன வயதிலேயே வயிற்றுவலி, பிறகு சர்க்கரை நோய் என்று வரும். அப்படிப்பட்ட 185 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1994-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. எழுதியவர்களில் சுரேஷ் சாரியும் சென்னையின் வி. மோகனும் உண்டு. இறந்தவர்கள் 24 பேர். அதில் 6 பேர் கணையப் புற்றுநோயால். பொது மக்களோடு ஒப்பிட்டால் ஆபத்து சுமார் நூறு மடங்கு என்று அந்த ஆய்வு சொன்னது.

சாரி பிறகு அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இருந்தபோது கேள்வியைத் திருப்பிப் போட்டார். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தச் சர்க்கரையே ஒளிந்திருக்கும் புற்றின் அறிகுறி? 2005-ல் விடை: 2,122 பேரில் 18 பேருக்கு மூன்று ஆண்டுக்குள் புற்று தெரியவந்தது. நூற்றுக்கு ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. இதைப் படித்துவிட்டு உடனே ஸ்கேனுக்கு ஓட வேண்டாம். இப்படிப் புதிதாகச் சர்க்கரை வந்தவர்களில் நூற்றுக்கு 99 பேருக்கு இது இல்லை. அந்த ஒருவரை மட்டும் எப்படிப் பொறுக்கி எடுப்பது என்பதுதான் இன்றைய ஆய்வு. வயது, எடை குறைவது, சர்க்கரை ஏறும் வேகம் மூன்றையும் வைத்து ஒரு மதிப்பெண் முறை 2018-ல் வந்தது. பான்கேன் 12,500 பேரைச் சேர்க்கும் இலக்கோடு அதைச் சோதிக்கிறது. புதிதாகச் சர்க்கரை வந்தவர்களைத் தொடர்ந்து கவனிக்க, அமெரிக்க அரசும் 10,000 பேர் இலக்கோடு தனியாக ஓர் ஆய்வைத் தொடங்கியது.

இதற்கு ஏன் இவ்வளவு செலவு செய்யலாம் என்றால், நேரம் இருக்கிறது. முதல் மரபணு மாற்றத்திலிருந்து புற்றுச் செல் உருவாகப் பத்தாண்டுக்கு மேல் ஆகிறது, பரவ இன்னும் சில ஆண்டுகள் என்று 2010-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு கணக்கிட்டது. அத்தனை ஆண்டும் அது உள்ளே சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

இந்தியாவிலிருந்து எங்கே விண்ணப்பிக்கலாம்?

முதலில் ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். அண்மை ஆண்டு அழைப்புகளில் 2 கோடி ரூபாய் வரை சிறு நல்கை, அதற்கு மேல் 8 கோடி வரை இடைநிலை நல்கை என்று பிரித்திருக்கிறார்கள். அறிவியல் துறையின் கீழ் நிதி தந்துவந்த பழைய 'செர்ப்' வாரியம் இப்போது இல்லை. 2023-ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த 'அனுசந்தான்' தேசிய ஆய்வு நிறுவனம் அதன் இடத்தில் இருக்கிறது. உயிரித் தொழில்நுட்பத் துறையும் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து 2008 முதல் நடத்தும் இந்தியா அலையன்ஸ் தனி ஆய்வாளர்களுக்கு ஃபெலோஷிப் தருகிறது. சோதனைக் கருவி, மருந்து என்று விற்பனைக்கு வரக்கூடிய யோசனை என்றால் உயிரித் தொழில்நுட்பத் துறையின் 'பைராக்' நிறுவனம் நடத்தும் 'பிக்' திட்டம்: 18 மாதத்துக்கு 50 லட்சம் ரூபாய் வரை.

வெளிநாட்டு அறக்கட்டளைகளில் பல, முதன்மை ஆய்வாளர் தங்கள் நாட்டில் இருக்க வேண்டும் என்று கேட்கும். எந்த நாட்டிலிருந்தும் ஏற்கும் 'வேர்ல்ட்வைட் கேன்சர் ரிசர்ச்' போன்றவை குறைவு. வெளிநாட்டு ஆய்வுக் கூட்டு என்றால் சுகாதார அமைச்சகத்தின் தேர்வுக் குழு அனுமதி வேண்டும். தனியார் அறக்கட்டளை நடத்தும் நிறுவனம் என்றால் எஃப்சிஆர்ஏ பதிவும் (வெளிநாட்டுப் பணம் வாங்கச் சட்டப்படி வேண்டியது) இருக்கிறதா என்று அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குழுவுக்குக் கிராண்ட் கிடைத்தது. காகிதங்கள் நகர்வதற்குள் முதல் ஆண்டு போய்விட்டது.

விண்ணப்பத்தில் எங்கே சறுக்குகிறார்கள்?

பெரும்பாலும் மூன்று இடம். ஒன்று, பாங்க்-1, மியா பாக்கா-2 என்ற பழைய செல் வரிசைகளில் மட்டும் மருந்தைப் போட்டுக் காட்டுவது. தட்டில் சாகாத புற்றுச் செல் உலகத்தில் இல்லை. எலியின் தோலுக்கு அடியில் வைத்து வளர்த்த கட்டியும் அப்படித்தான். மேலே சொன்ன நார்த்திசு அதில் சரியாக வராது. மதிப்பாய்வாளர் முதல் கேள்வியே அதைப் பற்றித்தான் கேட்பார்.

இரண்டு, திசு எங்கிருந்து வரும் என்று எழுதாமல் விடுவது. இந்த நோயில் அறுவை செய்யும் நிலையில் வருகிறவர்கள் ஐந்தில் ஒருவருக்கு மேல் இல்லை. "மருத்துவமனையிலிருந்து 100 மாதிரிகள் பெறப்படும்" என்று ஒரு வரியில் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். அறுவை நிபுணரைக் கூட்டு ஆய்வாளராகச் சேர்த்து, அவர் போன ஆண்டு எத்தனை விப்பிள் அறுவை (கணையத்தின் தலைப்பகுதியை எடுக்கும் அறுவை) செய்தார் என்ற எண்ணையும் போடுங்கள்.

மூன்றாவது சங்கிலிப் பிழை. முதல் இலக்கு பலித்தால்தான் இரண்டாவது, அது பலித்தால்தான் மூன்றாவது என்று அடுக்குவது. புது யோசனையில் முதல் இலக்கு தோற்க வாய்ப்பு அதிகம். தோற்றால் என்ன செய்வீர்கள் என்று நேர்மையாக ஒரு பத்தி எழுதினால் மதிப்பெண் கூடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

நிராகரித்துவிட்டார்கள். அவ்வளவுதானா?

இல்லை. தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் வழக்கமான 'ஆர்01' நல்கையில் 2024-ல் முதல் பத்து சதமானத்துக்குள், அதாவது தரவரிசையில் நூற்றுக்கு முதல் பத்து இடங்களுக்குள், வந்தவற்றுக்கே பணம். அதனால் நல்ல விண்ணப்பங்களும் வெளியே நிற்கின்றன. என்ஐஹெச்சில் அதே விண்ணப்பத்தைத் திருத்தி ஒருமுறை மறுபடி அனுப்பலாம். குறிப்புகள் வந்த அன்றே பதில் எழுத உட்காராதீர்கள். ஒரு வாரம் கோபம் ஆறட்டும்.

எங்கள் வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் வந்திருக்கிறது. இந்த நிதியால் எங்களுக்கு உதவி கிடைக்குமா?

நேரடியாகக் கிடைக்காது. ஆய்வு நிதி லேபுக்குப் போவது. சிகிச்சைச் செலவுக்குத் தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை மருத்துவமனையில் கேளுங்கள். ஆனால் பழைய ஆய்வுகளின் பலன் ஒன்று உங்களுக்கு இப்போதே பயன்படலாம். கணையப் புற்றுநோய் வந்த எல்லோருக்கும் பரம்பரை மரபணுச் சோதனை செய்து பார்ப்பது இன்றைய வழிகாட்டுதல். பிஆர்சிஏ என்ற மரபணுவில் பரம்பரையாகக் கோளாறு இருந்து நோய் பரவியிருந்தால், கீமோவுக்குப் பின் கொடுக்கும் ஓலாபரிப் என்ற மாத்திரை 2019 முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்றிருக்கிறது. டாக்டரிடம் கேளுங்கள். மருந்துச் சோதனைகளில் சேர விருப்பம் இருந்தால், இந்தியாவில் நடப்பவை எல்லாம் சிடிஆர்ஐ என்ற மருந்துச் சோதனைப் பதிவேட்டில் இருக்கும். அதில் சேரப் பணம் கேட்கிறார்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்று பணம் கொடுத்தால் மருந்து எப்போது வரும்?

கே-ராஸ் என்ற மரபணுவின் கதையைச் சொல்கிறேன், நீங்களே கணக்குப் போடுங்கள். கணையப் புற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இந்த மரபணு கெட்டிருக்கும். மனிதக் கட்டிகளில் ராஸ் மரபணுக்கள் தெரியவந்தது 1982 வாக்கில். புரதத்தின் மேற்பரப்பு வழவழவென்று இருப்பதால் மருந்து ஒட்டாது என்று முப்பது ஆண்டு கைவிட்டார்கள். 2013-ல் கலிபோர்னியாவில் கெவன் ஷோகட்டின் லேப் அதில் ஒரு பொந்தைக் கண்டுபிடித்தது. எட்டு ஆண்டு கழித்து, 2021-ல், முதல் மருந்து வந்தது. வந்ததும் நுரையீரலுக்குத்தான், அது பிடிக்கும் ஜி12சி என்ற மாற்றம் கணைய நோயாளிகளில் நூற்றுக்கு ஒருவர் இருவரிடம்தான் இருக்கிறது. கணையத்தில் அதிகம் காணப்படுவது ஜி12டி. அதையும் சேர்த்துப் பல மாற்றங்களைப் பிடிக்கும் டாராக்சன்ராசிப் என்ற மருந்துக்கு, 2025 ஜூனில் அமெரிக்க மருந்துத் துறை திருப்புமுனைச் சிகிச்சை என்ற தகுதி கொடுத்தது.

விண்ணப்பத்தில் 'எளிய சுருக்கம்' என்று ஒரு பக்கம் கேட்கிறார்கள். அது எதற்கு?

ஒப்புக்கு என்று நினைத்து கடைசி நாள் ராத்திரி எழுதுகிறார்கள். அமெரிக்க ராணுவத் திட்டத்தில் நோயாளிகளும் குடும்பத்தாரும் மதிப்பாய்வுக் குழுவில் உட்கார்ந்திருப்பார்கள். விஞ்ஞானிக்கு ஒரு ஓட்டு என்றால் அவர்களுக்கும் ஒரு ஓட்டு. அவர்கள் முதலில் படிப்பது இந்தப் பக்கத்தைத்தான்.

என் யோசனை: முதலில் தமிழில் எழுதிப் பாருங்கள். இங்கே ஆய்வு செய்தால் நோயாளியிடம் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவத்தை எப்படியும் தமிழில் கொடுத்தாக வேண்டும். எழுதியதை வீட்டில் பெரியவர்கள் யாரிடமாவது படிக்கக் கொடுங்கள். "கணையம்னா எதுப்பா, ஈரலா?" என்று கேட்டால் முதல் வரியை மாற்றுங்கள்: இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிப் படுத்திருக்கும் ஒரு சாண் நீளத்துக்கும் குறைவான உறுப்பு.